எஃப்சி-க்கு பெயிண்ட் அடிச்சாச்சு, வண்டிக்கு என்ன செஞ்சோம்?

தேனி மாவட்டத்துல கடல் கிடையாது. உப்புக் காத்து கிடையாது. குளிர் நாடுகள் மாதிரி பனி உருகறதுக்காக ரோட்டுல உப்பு கொட்டுற வழக்கமும் கிடையாது. அப்புறம் ஏன் கம்பம், சின்னமனூர், போடி பக்கம் ஓடுற பழைய பிக்கப் வண்டிகளோட அடித்தகடு இத்துப்போய் கிடக்கு?

"வண்டி பழசாச்சு, துரு பிடிக்கத்தான் செய்யும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. துருவை முழுசா நிறுத்த முடியாது, சரி. ஆனால் நம்ம ஊர்ல அதுக்குச் செய்யுற வைத்தியம் பாதி நேரம் துருவுக்குத்தான் சாதகமா இருக்கு. காசும் போகுது, தகடும் போகுது. கடைசியில் மலைப்பாதையில் அந்த வண்டியை நம்பி இறங்குறவங்க உயிரும் பணயமாகுது.

கடல் இல்லாத ஊர்ல உப்பு எங்கிருந்து?

நாமதான் மூட்டை மூட்டையா ஏத்துறோம். வாழைக்குப் போடுற பொட்டாஷ் இருக்கே, அது பொட்டாசியம் குளோரைடு. சமையல் உப்புக்குப் பங்காளி. ஒரு மூட்டை கிழிந்து கொட்டினால் தகட்டு இடுக்குல போய் உட்கார்ந்துடும். மழைக்காலத்துல காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும். தண்ணியும் காத்தும் இருந்தாலே இரும்பு துருப்பிடிக்கும்; குளோரைடும் சேர்ந்தால் வேகம் பல மடங்கு. அம்மோனியம் சல்பேட்டும் இரும்புக்கு ஆகாது. ஈரமான எரு ஏத்தினால் அது ஸ்பாஞ்சு மாதிரி. இறக்கின பிறகும் மூலையில் ஒட்டிக்கிட்டு ஈரத்தை விடாது.

திராட்சைக்காரங்க வண்டிக்குக் கூடுதலா ஒரு எதிரி உண்டு: மயில்துத்தம். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கின நம்ம கம்பம் பன்னீர் திராட்சைத் தோட்டங்களுக்கு, நோய்க்கு அடிக்கிற போர்டோ கலவைக்காக இதை வாங்கிட்டுப் போவாங்க. பள்ளிக்கூட லேப்புல மயில்துத்தக் கரைசலில் இரும்பு ஆணி போட்ட சோதனை ஞாபகம் இருக்கா? நீலம் வெளுக்கும், ஆணி மேல செம்பு படியும், ஆணி கரையும். சுண்ணாம்பு சேர்த்துக் கலக்கின பிறகு அந்த வீரியம் குறைஞ்சுடும். ஆனா கலக்கறதுக்கு முன்னாடி வண்டியில் சிந்தின மயில்துத்தம் மேல மழைத்தண்ணி பட்டால், பெயிண்ட் போன இடத்துல அதே சோதனைதான் நடக்கும். லேப்புல ஆணி, இங்க வண்டி.

மழைக்கணக்கும் வேற. கீழே கம்பத்துல வெயில் அடிக்கும்போதே மேலே குமுளியில் மழை கொட்டும். தினமும் குமுளி மலைப்பாதையிலோ கம்பம்மெட்டு வழியாவோ ஏறி இறங்குற வண்டிக்கு, ஜூன்ல இருந்து தென்மேற்குப் பருவமழை. அது முடிஞ்சு மூச்சு விடறதுக்குள்ள ஐப்பசி மழை. வருஷத்துல பாதி நாள் அந்த வண்டியோட அடிப்பக்கம் காயறதே இல்லை.

பட்டிக்குப் பின்னாடி என்ன நடக்குது?

வாடகைக்கு ஓடுற லோடு வண்டிக்கு 8 வருஷம் வரைக்கும் 2 வருஷத்துக்கு ஒரு தடவை எஃப்சி. அதுக்கப்புறம் வருஷா வருஷம். ஆக, வண்டி பழசாகப் பழசாக வருஷத்துல ஒரு தடவை பட்டறைக்குள்ள போகுது. நல்ல விஷயம்தான். உள்ளே என்ன நடக்குது?

கொப்பளம் விட்ட இடத்தை உப்புத்தாள் வச்சு லேசா தேய்ப்பாங்க. ஓட்டை இருந்தால் பழைய தகட்டின் மேலேயே இன்னொரு தகடு வச்சு வெல்டிங். அதுக்கு மேல பட்டி, அதுக்கு மேல பெயிண்ட். வண்டி புதுசு மாதிரி பளபளன்னு போய் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னாடி நிக்கும். அடுத்த மழைக்காலம் முடிஞ்சதும் அதே இடத்துல மறுபடியும் கொப்பளம்.

காரணம் ரொம்ப எளிமை. துரு பொரிபொரியானது, தண்ணியையும் உப்பையும் தனக்குள்ள பிடிச்சு வச்சுக்கும். அதை எடுக்காமல் பட்டியால் மூடினால் நோயை உள்ள வச்சுத் தைச்ச மாதிரி. இன்னொன்று, பிளஸ் டூ மின்வேதியியலோட சேர்ந்த விஷயம்: ஒரே தகட்டுல காத்து நல்லா படுற இடமும் காத்து குறைவா படுற இடமும் இருந்தால், அரிபடுறது காத்து குறைவான இடம்தான். ரெண்டு தகட்டுக்கு நடுவுல இருக்கிற இடுக்கு, ரப்பர் மேட்டுக்கு அடிப்பக்கம், பட்டிக்குப் பின்பக்கம் எல்லாமே அந்த ரகம். துரு ஆகும்போது இரும்பு ஊதவும் செய்யும். அதனால் இடுக்குக்குள்ள உருவாகுற துரு ரெண்டு தகட்டையும் பிளந்துக்கிட்டு வெளியே வரும்.

வெல்டிங்ல இன்னொரு ஓட்டையும் இருக்கு. முன்பக்கம் பத்தவைக்கும்போது பின்பக்கத்துல இருந்த பெயிண்ட் எரிஞ்சுடும். அங்க கை போகாதுன்னு அப்படியே விட்டுடுவாங்க. அடுத்த துரு பின்னாடியிலிருந்து கிளம்பி வரும். "போன வருஷம்தானே தகடு மாத்தினோம்?" என்று ஓனர்கள் புலம்புவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

முதல் ரூபாய் எங்க போகணும்?

என் முக்கியமான கோபம் இதுதான். நாம கண்ணுக்குத் தெரியுற இடத்துல இருந்து ஆரம்பிக்கிறோம். மட்கார்டு, கதவு, பின்டோர். பேர் எழுதி, பூ வரைஞ்சு, ஸ்டிக்கர் ஒட்டியாச்சு. வரிசை தலைகீழா இருக்கணும்.

முதல் ரூபாய் சேஸுக்கு. குறிப்பா ஸ்பிரிங் பட்டை மாட்டுற பிராக்கெட் இருக்கிற இடம், பாடியைச் சேஸோட இணைக்கிற போல்ட் சுற்றியுள்ள இடம், சேஸை ஒட்டி ஓடுற பிரேக் பைப். அந்த பைப்பும் இரும்புதான். முழு லோடோட போடிமெட்டு வளைவுல இறங்கும்போது உங்களைக் காப்பாத்துறது மட்கார்டு பெயிண்ட் இல்லை, அந்த பைப். இரண்டாவது ரூபாய் லோடு பாடியோட குறுக்குச் சட்டங்களுக்கும் தரைத் தகட்டுக்கும், கேபின் தரைக்கும். கதவும் மட்கார்டும் கடைசி. லோடு வண்டியில் ஆள் ஏத்தக்கூடாதுன்னு சட்டம் சொல்லுது. இருந்தும் தோட்ட வேலைக்குப் போறவங்க பின்னாடி நின்னுக்கிட்டுப் போறதை நீங்களும் நானும் பார்க்கத்தான் செய்றோம். அவங்க நிக்கிறது அந்தத் தரைத் தகட்டு மேல.

சேஸ் துரு சின்ன விஷயம் இல்லைங்கிறதுக்கு உலகம் அறிஞ்ச உதாரணமும் இருக்கு. அமெரிக்காவில் டகோமா, டண்ட்ரா, செக்கோயா வண்டிகளோட சேஸ் துருப்பிடிச்சு ஓட்டை விழுதுன்னு உரிமையாளர்கள் போட்ட வழக்கில், டொயோட்டா 2016-இல் சமரசத்துக்கு வந்தது. சுமார் 15 லட்சம் வண்டிகள் சம்பந்தப்பட்டது அது. சோதிச்சுப் பார்த்து, தேவைப்பட்டால் சேஸையே மாத்தித் தர ஏற்பாடு. அங்க ரோட்டு உப்பு. இங்க பொட்டாஷ் மூட்டை. இரும்புக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

அப்போ எப்படிச் செய்யணும்?

ஒரு சின்னக் காந்தமும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் போதும், ஆரம்பிக்கலாம். காந்தம் ஒட்டாத இடத்துல கனமா பட்டி இருக்கு. ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிக்கிட்டே வாங்க. நல்ல தகடு கணீர்னு கேட்கும், இத்த தகடு மொத்தையா கேட்கும். முனையால் குத்தினால் உள்ளே போகுதுன்னா, அங்க பெயிண்டுக்கு வேலையே இல்லை, வெட்டி எடுக்கணும்.

மேலோட்டமான துரு என்றால் வயர் பிரஷ், கிரைண்டர் வச்சு பளிச்சுன்னு இரும்பு தெரியுற வரைக்கும் சுரண்டணும். அதுக்கு முன்னாடி நல்ல தண்ணியால் கழுவிக் காயவிடணும். உப்பு இருந்தால் எந்தப் பெயிண்டும் நிக்காது. மூலை முடுக்குல சுரண்ட முடியாத துருவுக்கு ரஸ்ட் கன்வர்ட்டர் இருக்கு. பாஸ்பாரிக் அமிலம் கலந்தது துருவை இரும்பு பாஸ்பேட்டா மாத்தும். டானின் கலந்தது கறுப்பா, கெட்டியா ஒரு படலமா மாத்தும். இது புது மாயம் இல்லை. கடுக்காயில இருக்கிற டானினையும் இரும்பையும் சேர்த்துக் கறுப்புச் சாயம் எடுத்தவங்கதான் நாம. டெல்லி மெஹரௌலி இரும்புத்தூண் சுமார் 1600 வருஷமா நிக்கிறதுக்கு, அந்த இரும்புல அதிகமா இருக்கிற பாஸ்பரஸ் உருவாக்கின காப்புப் படலம்தான் முக்கியக் காரணம்னு கான்பூர் ஐஐடி பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் ஆராய்ச்சி செஞ்சு விளக்கினார். ஆனா ஒரு எச்சரிக்கை: கன்வர்ட்டர் துருவைத்தான் மாத்தும், இத்துப்போன தகட்டுக்குப் பலம் தராது.

அடுத்து பிரைமர். முடிஞ்சால் துத்தநாகம் அதிகமுள்ள ஜிங்க் பிரைமர், சுத்தமான இரும்பு மேல நேரடியா. இரும்புக்கு முன்னாடி துத்தநாகம் தன்னைக் கொடுத்துக்கும். அதுக்கு மேல பெயிண்ட். தகடு மாத்தினால் பழையதை வெட்டி எடுத்துட்டுப் புதுசு வைக்கச் சொல்லுங்க, மேல வச்சு அடிக்க விடாதீங்க. வெல்டிங் முடிஞ்சதும் பின்பக்கத்துக்கு பிரைமரோ மெழுகு ஸ்பிரேயோ போனதான்னு கேளுங்க. சேஸ்ல விரிசலோ ஓட்டையோ இருந்தால் ஒட்டுத் தகடு போதாது. சேஸ் வேலை தெரிஞ்ச பட்டறைக்குத்தான் போகணும்.

அடியில் பழைய என்ஜின் ஆயில் அடிக்கிற பழக்கம் நம்ம பக்கம் ரொம்ப உண்டு. தண்ணியைக் கொஞ்ச நாள் தள்ளி வைக்கும், மறுக்கலை. ஆனா ரப்பர் புஷ்ஷைக் கெடுக்கும், மண்ணைப் பிடிச்சு வச்சுக்கும், சொட்டிச் சொட்டித் தோட்டத்துக்குள்ளேயே போகும். அதே மாதிரி, ஏற்கெனவே துருவாயிருக்கிற அடிப்பக்கத்துல கறுப்பு கோட்டிங் அடிச்சால் அது இன்னொரு பட்டிதான்.

செலவே இல்லாத வேலைகளும் இருக்கு. உரம், எரு, மயில்துத்தம் ஏத்தின அன்னைக்கே தரையைக் கழுவிவிடுங்க, அடிப்பக்கத்துக்கும் தண்ணி காட்டுங்க. தண்ணி வடியுற ஓட்டைகளை வாழைச்சருகு அடைச்சிருக்கும். கம்பியால் குத்தி எடுங்க. மேட்டை வாரத்துல ஒரு நாள் தூக்கி வெயில்ல போடுங்க. மே கடைசியில் ஒரு தடவை, செப்டம்பர்ல ஒரு தடவை, கீறல் விழுந்த இடத்துக்கெல்லாம் பிரைமர் தொட்டுவிடுங்க. முல்லைப்பெரியாத்துக்குள்ள வண்டியை இறக்கிக் கழுவுறது மட்டும் வேண்டாம். மாவட்டமே குடிக்கிற தண்ணி அது.

"இதெல்லாம் நடக்கிற காரியமா?"

நியாயமான கேள்வி. வண்டி ஓடினால்தான் டியூ கட்ட முடியும். சீசன்ல ஒரு நாள் நிறுத்தினால் ஒரு நாள் வாடகை போச்சு. நான் கூடுதலா நாள் கேட்கலை. எஃப்சி-க்காக எப்படியும் ரெண்டு மூணு நாள் பட்டறையில் நிக்குது இல்லையா, அந்த நாளையும் அந்தக் காசையும் கீழே இருந்து மேலே செலவு பண்ணுங்கன்னுதான் சொல்றேன். மட்கார்டு ஒரு வருஷம் அசிங்கமா இருந்துட்டுப் போகட்டும்.

"துரு பிடிச்சால் வித்துட்டு வேற வாங்கிக்கலாம்" என்பது இன்னொரு வாதம். வித்தால் துரு மறையாது, ஓனர்தான் மாறுவார். பட்டியால் மூடின வண்டியை வாங்குறவர் பெரும்பாலும் முதல் தடவையா சொந்த வண்டி ஓட்ட நினைக்கிற ஒருத்தர். கடன் வாங்கித்தான் வாங்குவார்.

பராமரிப்பு எதுக்கும் உதவாதுன்னு நினைக்கிறவங்க பாம்பனைப் பாருங்க. 1914-இல் திறந்த பழைய ரயில் பாலம், கடலுக்கு நடுவுலேயே நின்னு, 2022 டிசம்பர் வரைக்கும் ரயிலைத் தாங்கிச்சு. கடைசியில் துரு ஜெயிச்சது உண்மைதான். ஆனா பெயிண்ட் அடிச்சு அடிச்சு, இத்த பாகத்தை மாத்தி மாத்தி, 108 வருஷம் அதைக் காக்க வச்சாங்க. கடலே இல்லாத ஊர்ல ஒரு பிக்கப்பை 15, 20 வருஷம் ஓட்ட முடியாதா?

நம்ம பங்குக்கு ஒண்ணு சொல்லி முடிக்கிறேன். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்னாலே சென்சார், ஆப், டேஷ்போர்டு. தப்பில்லை. ஆனா யாராவது ஒரு டீம் இதைச் செய்யலாமே: ஒரே அளவு இரும்புத் தகட்டுத் துண்டுகளை எடுத்து, எடை போட்டு, ஒண்ணுக்கு ரெட் ஆக்சைடு, ஒண்ணுக்கு ஜிங்க் பிரைமர், ஒண்ணுக்குப் பழைய ஆயில், ஒண்ணு வெறுமனே. ஜூன்ல நாலஞ்சு வண்டிக்கு அடியில் கட்டித் தொங்கவிட்டு, டிசம்பர்ல கழட்டி, கோட்டிங்கையும் துருவையும் சுத்தம் பண்ணி மறுபடி எடை. எது எவ்வளவு இரும்பைத் தின்னுச்சுன்னு தராசே சொல்லிடும். துரு ஆராய்ச்சிக்குன்னே பேர் வாங்கின மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் பக்கத்துல காரைக்குடியில்தான் இருக்கு. சந்தேகம்னா எழுதிக் கேட்கலாம். முடிவை ஒரே பக்கத்துல தமிழில் அச்சடிச்சு ஒவ்வொரு டிங்கரிங் பட்டறையிலும் ஒட்டினால், அதைப் படிச்சுட்டு ஒரு ஓனராவது "பழைய தகட்டை வெட்டி எடுங்கண்ணே" என்பார்.

அதுவரைக்கும், அடுத்த லீவுக்கு ஊருக்குப் போறப்ப பையில ஒரு காந்தம் போட்டுக்கோங்க. வீட்டு வண்டியோ மாமா வண்டியோ, முதல்ல அடியில் குனிஞ்சு பாருங்க.