வண்ணம் தீட்டுமுன் ஓடையைக் குறியுங்கள்

சென்னையின் எல்லை ஏட்டளவில் விரிந்துவிட்டது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த பெருநகரப் பகுதி, 2022 அக்டோபரில் வெளியான அரசாணையால் 5,904 சதுர கிலோமீட்டராகியிருக்கிறது. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, ராணிப்பேட்டை மாவட்டங்களின் நூற்றுக்கணக்கான கிராமங்கள் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் கைக்குள் வந்துள்ளன. எது குடியிருப்பு, எது தொழிற்பேட்டை, எது வயல் என்று வரைபடத்தில் வண்ணம் தீட்டும் வேலை அடுத்து வருகிறது. அது முடிந்த பிறகு ஓடையைத் தேடினால் கிடைக்காது.

இவை ஏரிகள் நிறைந்த மாவட்டங்கள். ஓர் ஏரி நிரம்பிக் கலங்கலில் வழிந்தால், அந்த நீர் ஓடை வழியே அடுத்த ஏரிக்குப் போகும். அந்த ஓடைக்கரையில்தான் தாழையும் கோரையும் நாணலும் மண்ணைப் பிடித்து நிற்கின்றன. முதல் மழையின் புதுத்தண்ணீரை எதிர்த்து மீன் ஏறுவதும் அவ்வழியேதான். வேடந்தாங்கலில் கூடு கட்டும் நாரைகள் குஞ்சுகளுக்கான இரையைச் சுற்றுவட்டார ஏரிகளிலும் வயல்களிலும் ஓடைகளிலும்தான் தேடுகின்றன. நரிக்கும் கீரிக்கும் ஊர் நடுவே மிஞ்சியிருக்கும் மறைவு கரையோரப் புதர்தான். ஏரிக்கு வேலி போட்டுவிட்டு ஓடையைக் கைவிட்டால், வேலிக்குள் மிஞ்சுவது வெறும் குட்டை.

பெருநகரத் திட்டத்துக்குள் வருவதே பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் பள்ளிக்கரணையைப் பார்க்கட்டும். அது 1970களிலிருந்தே பெருநகர எல்லைக்குள் இருக்கிறது. 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்ததாகச் சொல்லப்படும் சதுப்பு நிலம், குப்பைமேட்டுக்கும் சாலைகளுக்கும் கட்டடங்களுக்கும் பெரும்பகுதியைப் பறிகொடுத்தது. எஞ்சியதில் சுமார் 1,248 ஹெக்டேர் 2022இல்தான் பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக, ராம்சர் தலமானது. அதன் பிறகும் கட்டட அனுமதிகள் பற்றிய வழக்கு ஓயவில்லை. அறிவியல் ஆய்வு முடியும்வரை அந்தத் தலத்திலும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் அனுமதி தரக் கூடாது என்று 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட வேண்டியிருந்தது. தென்சென்னையின் ஏரிகளிலிருந்து வழியும் நீர் இந்தச் சதுப்பில் தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாகத்தான் கடலை நோக்கிப் போக வேண்டும். வழி குறுகினால் என்ன ஆகும் என்பதை வேளச்சேரி 2015 வெள்ளத்தில் கண்டது. அந்த வெள்ளம் மனிதர் வரவழைத்த பேரிடர் என்று இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கையே சொன்னது.

சட்டம் காக்கும் என்றும் இருந்துவிட முடியாது. 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் பொதுப்பணித் துறையின் ஏரிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஊராட்சிகளின் சிற்றேரிகளும் தாங்கல்களும் அதற்கு வெளியே நிற்கின்றன. 2023இல் நிறைவேறிய நில ஒருங்கிணைப்புச் சட்டமோ எதிர்த்திசையில் போகிறது. 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டம் என்றால், அதற்குள் அகப்படும் ஓடையையும் வாய்க்காலையும் திட்ட நிலத்தோடு சேர்த்து மாற்றியமைக்க அது வழி திறக்கிறது. பரந்தூர் விமான நிலையத்துக்குக் குறிக்கப்பட்ட நிலத்தில் ஏரிகளும் கம்பன் கால்வாயும் கிடக்கின்றன என்பதை அங்குள்ள ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

சத்தமில்லாத இன்னோர் ஆபத்தும் உண்டு. ஏரிநீர் பாயும் ஆயக்கட்டு வயல்கள் மனையாகிவிட்டால் ஏரித் தண்ணீர் யாருக்கும் தேவைப்படாது. வரத்துக்காலைத் தூர்வார எவரும் வர மாட்டார்கள். கிராமம் மாநகராட்சியில் சேர்ந்தால் கிராம சபையும் போய்விடும். எந்த மழைக்கு எந்த ஓடை கரையை உடைக்கும் என்று அறிந்தவர்களின் குரலுக்கு அதோடு இடமில்லை. பிறகு வருவது இருபுறமும் கான்கிரீட் சுவர் வைத்த வடிகால். தண்ணீர் ஓடும், கரை இருக்காது, கரையை நம்பிய உயிரும் இருக்காது.

ஆகவே வரிசை மாற வேண்டும். நில வகைப்பாட்டுக்கு முன்பு, ஒவ்வொரு கிராமத்திலும் அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் வைத்து ஓடை, வாய்க்கால், தாங்கல் அனைத்தையும் புல எண்ணோடு குறிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையையும் கோடையையும் உள்ளடக்கிய ஓராண்டுக்கு வனத்துறை உயிரினக் கணக்கெடுப்பு நடத்த வேண்டும். இரு கரையிலும் கட்டடமற்ற பட்டை ஒதுக்கப்பட வேண்டும். அது பூங்காவாகவோ நடைபாதையாகவோ மாறிவிடக் கூடாது. இந்த வரைபடம் தமிழில் அச்சாகி, கிராம சபைகள் இருக்கும்போதே அவற்றின் முன் வைக்கப்பட வேண்டும். அதுவரை நீர்வழியை ஒட்டிய எந்த நிலத்துக்கும் வகைமாற்றம் கூடாது.

இரண்டாவது முழுமைத் திட்டத்தின் காலம் 2026ஓடு முடிகிறது. பழைய எல்லைக்கு மூன்றாவது திட்டமும் காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் பகுதிகளுக்குத் துணைநகரத் திட்டங்களும் தயாராகின்றன. கட்டி முடித்தபின் இடிக்க எந்த அரசுக்கும் எளிதில் துணிவு வருவதில்லை. அனுமதி மறுப்பதற்குச் செலவே இல்லாத காலம் இது ஒன்றுதான். இதைத் தவறவிட்டால் பொறுப்பை மழையின் மேல் போட முடியாது.