முடக்கத்தானுக்கும் ஒரு பரீட்சை வேண்டும்

வடசென்னையில் துறைமுகத்தை ஒட்டி வாழ்கிற மாணவரா நீங்கள்? அப்படியானால் உங்கள் தெருவில் முழங்கால் வலியால் மாடிப்படி ஏறத் தயங்கும் பெரியவர் ஒருவராவது இருப்பார். இராயபுரத்தில் மூட்டை சுமந்தவராக இருக்கலாம். காசிமேட்டிலிருந்து மீன்கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாக நடந்தவராக இருக்கலாம். பல ஆண்டுகள் கனம் தூக்கியவர்களுக்கும், முழங்காலை மடக்கி வேலை செய்தவர்களுக்கும் மூட்டுத் தேய்மானம் வரும் வாய்ப்பு அதிகம்.

அவருக்கு அக்கம்பக்கத்தார் சொல்லும் வைத்தியமும் உங்களுக்குத் தெரிந்ததுதான்: முடக்கத்தான் தோசை, நொச்சி இலை ஒற்றடம், கடையில் விற்கும் மூலிகைத் தைலம். “எல்லாம் சுத்தப் பொய்” என்பது ஒரு கட்சி. “இயற்கையானது கெடுதல் செய்யாது” என்பது எதிர்க் கட்சி. இரண்டுமே யோசிக்கச் சோம்பல்படுகிற கட்சிகள் என்பேன்.

மூட்டில் என்ன நடக்கிறது? எலும்புகளின் முனையை மூடியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பு தேய்கிறது. அதற்கு இரத்தக் குழாய்கள் கிடையாது. ஆகவே சிதைந்தால் எளிதில் சீராகாது. உதிரும் துணுக்குகள் மூட்டின் உள்ளுறையை உறுத்த, அங்கே அழற்சி உண்டாகிறது. வலி, வீக்கம், காலையில் கால் விறைத்துப்போதல் ஆகியவற்றில் இந்த அழற்சிக்குப் பெரும் பங்கு உண்டு. அழற்சியைத் தூண்டும் இரசாயனப் பொருள்களில் ஒன்று புரோஸ்டாகிளாண்டின். ஆஸ்பிரின் அதன் உற்பத்தியைத் தடுக்கிறது என்று 1971இல் ஜான் வேன் கண்டுபிடித்தார். 1982இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். அந்த ஆஸ்பிரினுக்கே மூலம் வில்லோ மரப்பட்டை வைத்தியம்தான். எனவே தாவரச் சாற்றில் மருந்து இருக்க முடியுமா என்று கேட்பதில் பொருளில்லை. இந்தச் சாற்றில், இந்த நோய்க்கு, இந்த அளவில் இருக்கிறதா என்பதே கேள்வி.

நம் நாட்டிலேயே அப்படிக் கேட்டவர்கள் உண்டு. சல்லகி என்ற மரத்தின் பட்டையைக் கீறினால் சாம்பிராணி போல மணக்கும் பிசின் வடியும். நாகபுரி மருத்துவர்கள் மூட்டுத் தேய்மானம் உள்ள 30 பேரிடம் அதன் சாற்றைச் சோதித்து 2003இல் முடிவை வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு 8 வாரம் சாறு, மற்றவர்களுக்கு 8 வாரம் போலி மாத்திரை. பிறகு சிறிது இடைவெளி விட்டு இரு குழுவும் இடம் மாறின. எது எதில் இருக்கிறது என்பது கொடுத்தவருக்கும் தெரியாது, விழுங்கியவருக்கும் தெரியாது.

இவ்வளவு சிரமம் எதற்கு? மூட்டு வலி கடலலை போன்றது, ஏறும், இறங்கும். வலி உச்சத்தில் இருக்கும் நாளில்தான் ஒருவர் தைலம் வாங்க ஓடுவார். நான்கு நாளில் வலி தானே இறங்கினாலும் பெயர் தைலத்துக்குப் போய்விடும்! போலி மாத்திரைக் குழுவிலும் இந்த இறக்கம் இருக்கும். அதைக் கழித்த பிறகு மிஞ்சுவதே மருந்தின் வேலை.

நாகபுரியில் அப்படி மிஞ்சியது. வலி குறைந்தது, முழங்கால் கூடுதலாக மடங்கியது, நடக்கும் தூரம் கூடியது. ஆனால் எக்ஸ்ரே படத்தில் மாற்றமில்லை. அதாவது, தேய்ந்தது வளரவில்லை. “தேய்ந்த மூட்டு மீண்டும் வளரும்” என்ற விளம்பரத்தைப் படிக்கும்போது அந்த எக்ஸ்ரேயை நினைத்துக்கொள்ளுங்கள். 30 பேர் என்பது சிறிய எண்ணிக்கை என்பதையும் மறக்க வேண்டாம்.

முடக்கத்தானின் நிலை என்ன? எலிகளில் அதன் சாறு வீக்கத்தைக் குறைத்ததாக ஆய்வுகள் உண்டு. எலியின் பாதமும் மூட்டை சுமந்தவரின் முழங்காலும் ஒன்றல்லவே! தோசையில் அரைத்துவிடும் கீரைக்கும் ஆய்வுக்கூடத்தில் செறிவூட்டிய சாற்றுக்கும் உள்ள தூரமும் பெரிது.

இன்னொன்று. கீரை எங்கே வளர்ந்தது என்று கேளுங்கள். எண்ணூர்க் கழிமுகத்தில் அனல் மின்நிலையச் சாம்பல் படிந்து கிடப்பது ஊரறிந்த செய்தி. ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களைச் செடி மண்ணிலிருந்து உறிஞ்சக்கூடும். ஆலை வேலியில் படர்ந்த கொடியை “இயற்கை” என்று சொல்லிப் பறிக்கலாமா? டப்பாவில் வருவதும் பத்திரம் என்று சொல்வதற்கில்லை. மூட்டு வலிக்கான “இயற்கை” மாத்திரைகள் சிலவற்றில் டைக்ளோஃபெனாக், டெக்சாமெத்தசோன் ஆகிய மருந்துகள் ஒளிந்திருந்ததை 2022இல் அமெரிக்க அரசின் மருந்துத் துறை கண்டுபிடித்து எச்சரித்தது. ஒரே நாளில் வலி பறந்தால் மகிழ்வதற்கு முன் சந்தேகப்படுங்கள். வீட்டுப் பெரியவர் எந்த மூலிகை சாப்பிட்டாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர் மஞ்சள் சாற்று மாத்திரை எடுத்தால் இரத்தக் கசிவு ஏற்படும் ஆபத்து கூடலாம்.

தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. இராயபுரத்துக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி மருத்துவமனை இருக்கிறது. இரண்டும் சேர்ந்து, துறைமுகத்தில் உழைத்தவர்களில் சம்மதிப்பவர்கள் சில நூறு பேரிடம் முடக்கத்தானை நாகபுரி முறையில் சோதித்தால் என்ன? பலன் இல்லை என்று தெரிந்தாலும் நல்லதே. ஓய்வூதியத்தில் தைலத்துக்குப் போகிற பணமாவது மிஞ்சும்.