வலக்கையும் இடக்கையும்

காஞ்சியில் கோர்வைத் தறியில் அமர்ந்தோர்க்கு வலம் இடம் கற்பிக்க வேண்டுவதில்லை. உடலுக்கு ஒரு நாடா, இருபுறக் கரைகளுக்குத் தனித்தனி நாடா; ஒருபுறக் கரைக்குத் துணையாள் கைகொடுக்க, சேலை வளர்கிறது. அவ்வீட்டுப் பிள்ளையோ வேதியியல் பாடத்தில் ‘கைரல்’ என்னும் சொல்லைப் பொருளறியாது நெட்டுருப் போடுகிறது!

அச்சொல்லின் பொருள்தான் என்ன? கை. கிரேக்கத்தில் கையைக் குறிக்கும் சொல்லினின்று, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கெல்வின் ஆக்கியது அது. (நம் ‘கை’ அதனுள் ஒலிக்கின்றதே என மகிழ வேண்டா, ஒலியொப்புமை உறவாகாது.) வலக்கையும் இடக்கையும் விரலுக்கு விரல் ஒத்தவை, ஆயினும் ஒன்றன் உறை மற்றொன்றுக்குப் பொருந்தாது. மூலக்கூறுகளிலும் இத்தகைய இணைகள் உள. கார்வோன் என்னும் பொருளில் ஒரு கை புதினாவின் மணத்தைத் தருகிறது. மறு கை சதகுப்பை விதையில் உள்ளது.

ஆல்டிகைடிலிருந்து ஆல்ககாலை ஆக்குவோர்க்கு இதுவே இடர். ஆல்டிகைடின் வினைபுரியும் கரியணு தட்டையானது. அதற்கு இரு முகங்கள். வந்து சேரும் கரித்தொடர் எம்முகத்திற் பற்றுகிறதோ, அதற்கேற்ப ஆல்ககாலின் கை அமையும். தடையின்றி விட்டால் பாதிக்குப் பாதி கலந்து கிடைக்கும். மருந்துக்கு வேண்டுவது பெரும்பாலும் ஒரு கையே.

1983ஆம் ஆண்டில் அமெரிக்கப் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பிரவுனும், இந்தியரான சாதவும் இதற்கு வழி கண்டனர். பைன் மர எண்ணெயில் உள்ள பைனீனும் கையுடையதே. போரானின் மூன்று பிணைப்புகளில் இரண்டில் ஒரே கைப் பைனீனைப் பூட்டினர். மூன்றாவதில் அல்லைல் என்னும் முக்கரித் தொடரை வைத்தனர். பருத்த பைனீன்கள் வழிமறித்து நிற்க, ஆல்டிகைடு ஒருமுகமாகவே நெருங்க இயலும். கடுங்குளிரில் வினை முடிந்தபின் காரமும் ஐதரசன் பெராக்சைடும் இட்டால் போரான் விலகும், ஆல்ககால் வெளிப்படும். நூறு மூலக்கூறுகளில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை ஒரே கையின. எதிர்க்கைப் பைனீனைப் பூட்டின் எதிர்க்கை ஆல்ககால்!

பிரவுன் 1979இல் நோபல் பரிசு பெற்றவர். அப்பரிசுக்கு அடிப்படையான போரானேற்றம், அவருடன் உழைத்த சுப்பாராவின் ஆய்வில் 1956இல் தலைகாட்டியது. இரண்டு பங்கே செலவாக வேண்டிய இடத்தில் ஏறத்தாழ 2.4 செலவாயிற்று. பிழையென்று தள்ளாது அந்த மிகுதியைத் துருவினர். நம் நாட்டவர் உழைப்பு இத்துணை கலந்த செய்தியை நம் பிள்ளைகட்கு யார் சொன்னார்?

இங்கே மேற்கண்ட விளக்கம் முழுவதற்கும் வலக்கை, இடக்கை என்னும் இரு சொற்களே போதுமாயின. வலங்கை இடங்கை எனச் சாதிப் பூசலுக்கு அவற்றைச் செலவிட்டோம். காஞ்சியும் அதற்கு விலக்கன்று. அறிவியலுக்கு மட்டும் கடன் கேட்கிறோம். ‘கைம்மை’ எனின் கணவனை இழந்த நிலையைக் குறிக்கும். ஆகவே ‘கைப்பாங்கு’ எனலாம். இதனினும் பொருந்திய சொல் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் வாயிலேயே இருக்கவும் கூடும். கலைச்சொல் ஆக்குவோர் அங்குச் சென்று கேட்பாராக.