நகைச்சுவையும் ஆசிரியர் நாற்காலியும்

ஒரு நாட்டின் நகைச்சுவை மற்றொரு நாட்டுக்குப் பெயர்க்கப்படுமிடத்து, மூலத்துக்கும் தழுவலுக்குமிடையே காணப்படும் வேறுபாடுகளை எண்ணிக் காட்டுவதே விமர்சகர் பலரது வழக்கமாகும். எப்பாத்திரம் நீங்கியது, எப்பாத்திரம் புகுந்தது, எது கூடுதலாகச் சிரிப்பூட்டியது என்ற அளவில் அவர்தம் ஒப்பீடு நின்றுவிடுகின்றது. யார் யாரைக் கண்டு சிரிக்கின்றார், சிரிக்கும் உரிமையை அவருக்கு வழங்கியவர் யார் என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. நகைச்சுவையில் அரசியல் தேடலாகாது என்பது இவர்களது வாதம். இவ்வாதம் எத்துணை பொய்யானது என்பதை, 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' என்ற ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடரையும் அதன் அமெரிக்கத் தழுவலையும் மாத்தளை மாவட்டத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து நோக்குபவர் எளிதில் உணர்வர்.

வின்ஸ் பவல் எழுதிய இத்தொடர் 1977 ஆம் ஆண்டின் இறுதியில் பிரித்தானியாவில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. இலண்டனில் முதியோர் கல்விக் கூடமொன்றின் மாலை வகுப்பே அதன் களம். ஜெரமி பிரவுன் என்னும் ஆங்கில ஆசிரியர் இத்தாலியர், ஜெர்மானியர், யப்பானியர், சீனர், இந்தியர், பாகிஸ்தானியர் முதலிய பல நாட்டவருக்கு ஆங்கிலம் கற்பிக்கின்றார். மாணவர் சொற்களை மாற்றிப் பொருள் கொள்கின்றனர், உச்சரிப்பில் தடுமாறுகின்றனர், பார்வையாளர் சிரிக்கின்றனர். இனங்களை அச்சுவார்ப்புகளாக்கி இழிவு செய்கின்றது என்ற காரணத்தால், அதை ஒளிபரப்பிய நிறுவனத்தின் பொறுப்பாளர்களுள் ஒருவரான மைக்கேல் கிரேட் அதனை நிறுத்தினார். 1979 ஆம் ஆண்டுடன் முடிந்த தொடர் 1986 இல் மீண்டும் ஒருமுறை தலைகாட்டி மறைந்தது.

இவ்வகுப்பிலே தலைப்பாகையணிந்த சீக்கியர் ரஞ்சித் சிங் ஆக நடித்தவர் அல்பேர்ட் மோசஸ். அவர் பிறந்த ஊர் பஞ்சாபிலன்று. மாத்தளைக்கு அயலிலுள்ள கண்டி மாவட்டத்துக் கம்பளையிலாகும். இலங்கை மலைநாட்டில் பிறந்த கலைஞர் இலண்டன் திரையிலே சீக்கியராகலாம், எவராயினும் ஆகலாம். 'அந்நியர்' என்ற ஒரே கூட்டுக்குள் எல்லோரும் அடங்குவர் என்பதே அத்தொடரின் எழுதப்படாத விதி.

தழுவல் 1986 இல் அமெரிக்காவில் 'வாட் எ கன்ட்ரி' என்ற பெயரில் வெளிவந்து, ஓராண்டளவில் முடிவுற்றது. சோவியத் நாட்டிலிருந்து குடியேறிய யாக்கவ் ஸ்மிர்னோவ் அதன் முதன்மை நடிகர்களுள் ஒருவர். இங்கும் ஒரு வகுப்பறை, பல நாட்டு மாணவர், ஓர் ஆசிரியர். ஆயின், வகுப்பின் நோக்கம் மாறிவிட்டது. ஆங்கிலம் கற்க வந்தோரின் இடத்திலே அமெரிக்கக் குடியுரிமைப் பரீட்சைக்கு ஆயத்தமாவோர் அமர்த்தப்பட்டனர். குடியேறியவரால் உருவான நாடு எனத் தன்னைக் கூறிக்கொள்ளும் சமூகத்துக்கு இம்மாற்றம் பொருத்தமானதே. பரீட்சையில் தேறியவருக்குக் கதவு திறக்கும் என்ற உறுதி அங்கே இருந்தது. அவ்வுறுதியின் மீதே சிரிப்பும் எழுந்தது. எனினும் இரு தொடர்களிலும் மாறாது நின்றது ஒன்று உண்டு. அதுவே ஆசிரியர் நாற்காலி. தவறு செய்பவர் எப்போதும் மாணவர். எது தவறு என்று சொல்பவர் எப்போதும் அந்த நாட்டவர். களத்தை மாற்றிய தழுவல் தீர்ப்புக்கூறும் இடத்தை மாற்றவில்லை.

இவ்விடத்தில்தான் மாத்தளையின் பார்வை முக்கியத்துவம் பெறுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கெனத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர், மன்னார்க் கரையிலிறங்கித் தம்புள்ளை, நாலந்தை வழியாகக் காட்டுப் பாதையில் நடந்து மாத்தளையை அடைந்தனர். வழியில் மடிந்தோர் பலர். அவர்தம் வழித்தோன்றல்கள் 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராயினர். அவர்களுக்கு வகுப்பும் இல்லை, பரீட்சையும் இல்லை. தந்தை இந்நாட்டில் பிறந்தார் என்றோ, பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்தனர் என்றோ நிறுவும்படி, பிறப்புப் பதிவே கிட்டாத மக்களிடம் கேட்கப்பட்டது. 1964 இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் விதி பின்போடப்பட்டது. 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரை இச்சிக்கல் நீண்டது. குடியுரிமை வேண்டி நிற்போரின் தடுமாற்றம் அமெரிக்கத் திரையில் அரைமணி நேரச் சிரிப்பு. இறத்தோட்டையிலும் உக்குவளையிலும் அது மூன்று தலைமுறையின் கண்ணீர்.

இத்தகைய தொடரைக் கண்டு ஆசிய நாட்டவரும் சிரித்தனரே, இலங்கையிலும் அது விரும்பிப் பார்க்கப்பட்டதே என்பார் உளர். உண்மைதான். ஆனால், சிரித்தவர் தம்மை எந்த நாற்காலியில் இருத்திக்கொண்டு சிரித்தனர்? ஆங்கிலம் கற்ற நடுத்தர வர்க்கத்தார் தம்மை ஆசிரியர் பக்கத்தில் வைத்துக்கொண்டே மாணவரை நோக்கி நகைத்தனர். இந்நாட்டில் அத்தொடரைத் தழுவியெழுந்த சிங்களத் தொடருக்கு 'ராஜ கடுவ' என்று பெயரிட்டமை இங்கு மனங்கொள்ளத்தக்கது. 'கடுவ' என்றால் வாள். சிங்கள இளைஞர் வழக்கில் அது ஆங்கிலத்தைக் குறிக்கும். தெரியாதவனை வெட்டி வீழ்த்தும் மொழி என்பது கருத்து. மூலத்தின் தலைப்பு பேச்சில் கவனம் வேண்டுமென எச்சரித்தது. தழுவலின் தலைப்போ எச்சரிப்பவனின் கையிலுள்ள ஆயுதத்தைப் பெயர் சொல்லிக் காட்டியது. அமெரிக்கர் செய்யத் தவறியதை ஒரு சொல் செய்துவிட்டது.

தமிழரும் இக்குற்றத்துக்குப் புறம்பானவரல்லர். எள்ளலை நகைக்குரிய நிலைக்களன்களுள் ஒன்றாகத் தொல்காப்பியர் வகுத்தார். பழைய உரைமரபோ ஆரியர் பேசும் தமிழையும் குழந்தையின் மழலையையும் ஒருங்கே நகைப்பொருளாக எண்ணியது. அந்நியர் நாவில் தமிழ் படும் பாட்டைக் கண்டு சிரிக்கும் வழக்கம் அத்துணைப் பழைமையானது. இலங்கை வானொலியில் புகழ்பெற்று 1976 இல் திரைப்படமுமான 'கோமாளிகள்' இம்மரபை ஓரளவு திருத்தியது. யாழ்ப்பாணத்து அப்புக்குட்டி, இசுலாமியரான மரிக்கார், தமிழைச் சிங்கள ஓசையுடன் பேசும் உபாலி, ஐயர் ஆகிய நால்வரும் அதில் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தனர். அங்கே ஆசிரியர் இல்லை. எவர் பேச்சும் அளவுகோலாகவில்லை. அதனாலேயே அது பிரித்தானியத் தொடரினும் நாகரிகமானது. எனினும் அந்நால்வருள் மலையகத்தான் இல்லை. தோட்டத்துத் தமிழ் அங்கே சிரிக்கவும் அழைக்கப்படவில்லை.

அழைக்கப்படும் பிற மேடைகளிலோ அது வேலைக்காரனின் வாய்மொழியாகவே வருகின்றது. அறியாமையைக் காட்ட வேண்டுமாயின் தோட்டத்துப் பேச்சை அப்பாத்திரத்துக்குச் சூட்டிவிடுவது எழுத்தாளருக்கு எளிய வழி. அதே பேச்சைக் கொண்டு மலரன்பனும் மாத்தளை வடிவேலனும் மாத்தளை சோமுவும் கனதியான சிறுகதைகளைப் படைத்துள்ளனர் என்பதை இம்மேடைகள் அறிந்ததாகத் தெரியவில்லை. 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிய பின்னரும், சிங்களப் படிவத்தின் முன் திகைத்து நிற்கும் தோட்டத் தொழிலாளியை அலுவலர் பார்க்கும் பார்வைக்கும், அவர் மகனின் பேச்சைப் பல்கலைக்கழக விடுதியில் பிரதிபண்ணிக் காட்டும் சக தமிழ் மாணவனின் பார்வைக்கும் அடிப்படையில் வேறுபாடு எதுவுமில்லை. இருவரும் ஜெரமி பிரவுனின் நாற்காலியிலேயே அமர்ந்துள்ளனர். அவரிடமிருந்த பொறுமைதான் இவர்களிடம் இல்லை.

நகைச்சுவை வேண்டாமென்பது இதன் முடிபன்று. சிரிப்பை இழந்த மேடை உபதேச மேடையாகிவிடும். வேண்டுவது சிரிப்பின் திசை மாற்றமே. துரையின் தமிழையும், கங்காணியின் ஆங்கிலத்தையும், அலுவலகப் படிவத்தின் மொழியையும், விரிவுரை மண்டபத்துச் செந்தமிழையும் கண்டு லயத்துக் கிழவி சிரிக்கும் நாடகம் இன்னும் போதியளவு எழுதப்படவில்லை. வேற்றுநாட்டுத் தொடர்களைத் தழுவ முற்படும் இளைஞர், பாத்திரங்களின் பெயரையும் உடையையும் மாற்றுமுன் நாற்காலியை இடம் மாற்றுவாராக. அதனைச் செய்யும் முதற்பொறுப்பு, மலையக மாணவர் உறுப்பினராக அமர்ந்திருக்கும் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களின் நாடகக் குழுக்களையே சாரும்.