கூட வந்தவங்க யாரு?

புறநோயாளிப் பிரிவில் டாக்டர் ஓ.பி. சீட்டைப் பார்த்துக்கொண்டே கேட்கும் கேள்வி இது. முதியோர் இல்லத்திலிருந்து வந்த அம்மாவுக்குப் பின்னால் நிற்பவர் இல்லத்து ஆயா. ஒரே ஆட்டோவில் மூன்று பேரைக் கூட்டி வந்திருக்கிறார். ஒருவர் கண் பிரிவில், ஒருவர் எக்ஸ்ரே அறை வாசலில், ஒருவர் இங்கே. "தலைசுற்றல் எப்போதிலிருந்து?" "தெரியலை சார், நான் வேலைக்குச் சேர்ந்தே ரெண்டு மாசம்தான்." பதில் தெரிந்திருக்க வேண்டிய பிள்ளைகள் நாம், அங்கே இல்லை.

இல்லத்தில் சேர்த்ததே பாவம் என்ற பழைய பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. வேலை, வெளியூர், ஏற முடியாத மாடிப்படி எல்லாமே உண்மையான காரணங்கள்தான். ஆனால் மாதக் கட்டணத்தோடு ஆஸ்பத்திரிப் பொறுப்பும் கைமாறிவிட்டதாக நாம் நினைத்துக்கொண்டோம். மருந்துச் சீட்டின் படம் வாட்ஸ்அப்பில் வந்தால் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தோம்.

நம் அலட்சியம் என்ன செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும். சாப்பிடாமல் எப்படி மாத்திரை கொடுப்பது என்று பிரஷர் மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள். வரிசையில் உட்கார்ந்து உட்கார்ந்து பதினோரு மணிக்கு டாக்டர் முன் போகும்போது பிரஷர் ஏறியிருக்கிறது. மாத்திரை போடவில்லை என்று சொல்ல ஆளில்லை. அம்மாவுக்குக் கேள்வியே காதில் விழவில்லை; காது மெஷின் இல்லத்து அலமாரியில் கிடக்கிறது. டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதுகிறார். சில நாளில், இரவில் பாத்ரூம் போக எழுந்தவர் தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொள்கிறார். அப்போது மட்டும் விமானம் பிடித்தாவது ஓடி வருகிறோம். இல்லத்தில் கவனிப்பு சரியில்லை என்று சண்டையும் போடுகிறோம்.

வசதிகளே இல்லை என்று சொல்லித் தப்பவும் முடியாது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கெனத் தனிப் புறநோயாளிப் பிரிவை டாக்டர் வி.எஸ். நடராஜன் 1978-லேயே தொடங்கிவிட்டார். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு, அரசு மருத்துவமனைகளில் மூத்த குடிமக்களுக்குத் தனி வரிசை வேண்டும் என்கிறது. அந்தச் சட்டத்தைச் சொத்தை எழுதிக்கொடுத்த தகராறுகளின்போது மட்டும் புரட்டினோம். வரிசை எங்கே என்று ஒருநாளும் கேட்கவில்லை. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் சர்க்கரைக்கும் பிரஷருக்குமான மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. ஆனால் எக்கோ எடுக்கவும் கண்புரை அறுவைக்கும் ஆள்தான் போக வேண்டும், கூடவே இன்னோர் ஆளும்.

ஞாயிற்றுக்கிழமை போனில் "சாப்பிட்டியாம்மா, மாத்திரை போட்டியா?" என்று கேட்கிறோம். "போட்டேன்பா" என்பார்கள். எந்த மாத்திரை என்று நாம் கேட்டதில்லை. நாளைக்கு ஆஸ்பத்திரி என்று அவர்களும் சொல்வதில்லை, பிள்ளைக்கு எதற்குத் தொந்தரவு என்று.

இந்த வாரம் பேசும்போது அடுத்த ஓ.பி. தேதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்கு லீவு போடுங்கள். முடியவே முடியாதென்றால் பழைய நோய்கள், சாப்பிடும் மருந்துகள், ஒவ்வாத மருந்து, உங்கள் போன் நம்பர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி ரிப்போர்ட் பையில் வைக்கச் சொல்லுங்கள். காலையில் கொடுக்காத மாத்திரை எது என்பதையும் ஆயா அதிலேயே குறிக்கட்டும். டாக்டர் அழைக்கும் நேரத்தில் போனை எடுங்கள்.