ஆற்றுதல் என்னும் தொழிற்சொல்

தேநீரை ஒரு குவளையிலிருந்து மற்றொன்றுக்கு உயரத்திலிருந்து வார்த்து, மீண்டும் வாங்கி வார்க்கும் செயலைத் தமிழகத் தேநீர்க்கடைகள் 'ஆற்றுதல்' என்கின்றன. பேச்சில் அது 'ஆத்துறது'. 'ஆறு' என்னும் தன்வினை சூடு தணிதல், புண் மூடுதல், சினம் அடங்குதல் ஆகிய மூன்றையும் சுட்ட, அதன் பிறவினையாகிய 'ஆற்று' அவற்றைத் தணியச் செய்வதையும், துயருற்றவரைத் தேற்றுவதையும் உணர்த்துகிறது. பணியாற்று, உரையாற்று என்னும் கூட்டுகளில் செய்து நிறைவேற்றுவதற்கும் இதே வடிவந்தான்.

கடைவழக்கு இச்சொல்லுக்குத் தந்திருக்கும் கூர்மை வியப்புக்குரியது. 'ஆறிய டீ' என்றால் கவனிப்பாரின்றிக் கிடந்து சுவை கெட்டது. 'ஆற்றிய டீ' என்றால் கைத்திறன் பட்டது. துணி வடிகட்டியில் இறங்கிய சாயத்தைப் பாலோடும் சர்க்கரையோடும் சேர்த்து, மாஸ்டர் வலக்கையைத் தலைக்குமேல் உயர்த்தி, இடக்கையை இடுப்பளவில் தாழ்த்தி வார்க்கும்போது, கயிறுபோல் நீளும் அந்த ஒழுக்கில் சூடு நாவுக்கு ஏற்ற அளவில் தணிகிறது, சர்க்கரை கரைகிறது, நுரை எழுகிறது. கொதிக்கக் கொதிக்க வேண்டுவோர் 'ஆத்தாம குடுங்க' என்று முன்னரே சொல்லிவிடுவர்.

மலேசியாவில் 'மாமாக்' எனப்படும் தமிழ் முஸ்லிம் உணவகங்களோடு பிணைந்த இதே பானத்துக்கு மலாய் மொழியில் 'தே தாரிக்' என்று பெயர். 'தாரிக்' என்றால் இழுத்தல். மலாய்ச்சொல் கண்ணுக்குத் தெரியும் நீட்சியைப் பிடித்துக்கொள்ள, தமிழ்ச்சொல்லோ குடிப்பவரின் நாவை எண்ணிப் பிறந்திருக்கிறது. காலையுணவு உண்பதைப் 'பசியாறுதல்' என்று அங்குள்ள தமிழர் வழங்குவதும் இவ்வேரின் கிளையே.

'ஊற்றிக்கொடுத்தல்' மதுவோடு ஒட்டிக்கொண்டு வசையாகிவிட்டது. ஆற்றுதலுக்கும் அந்த நிலை வந்துகொண்டிருக்கிறது: 'நான் என்ன டீ ஆத்திக்கிட்டா இருக்கேன்?' என்று அலுவலகங்களில் எழும் கேள்வி, விடியுமுன் பாய்லரை மூட்டி இரவுவரை நின்றபடி உழைப்பவரின் தொழிலை வெட்டிவேலைக்கு உவமையாக்குகிறது. சாதியின் பெயரால் தனிக்குவளை வைத்த கடைகளின் வரலாற்றை அறிந்த சமூகம், ஒருவருக்குப் பருகத் தருவது எத்தனை பெரிய செயல் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். வழக்குச்சொல் தொகுப்போர் தேநீர்க்கடை வாசலிலும் சற்று நின்று கேட்கட்டும். வாசகர்கள் அந்தக் கேள்வியைத் தம் பேச்சிலிருந்து நீக்கிவிடட்டும்.