மனசுக்கும் மருந்து உண்டு

கடலூரை அடுத்த திருவந்திபுரத்தில் தேவநாத சுவாமி கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு சிறு குன்று. மேலே ஹயக்ரீவர் சன்னதி. கல்விக்கு உரிய தெய்வம் என்பதால் பரீட்சை சமயத்தில் பிள்ளைகள் கூட்டம் படியேறும். குன்றின் பெயர் ஔஷதகிரி. மருந்து மலை என்று அர்த்தம். அனுமன் தூக்கிச் சென்ற சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு என்பது ஐதீகம்.

காய்ச்சலுக்கும் கால்வலிக்கும் மருந்து தேடத் தயங்காத நாம், மனசுக்கு நோய் வந்தால் மட்டும் கதவைச் சாத்திக்கொள்கிறோம். 'வெளியே தெரிந்தால் பெண்ணுக்கு வரன் அமையுமா?' என்ற பயம். அந்தக் கதவைத் திறக்கத் தன் வாழ்நாள் முழுவதும் பாடுபட்டவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படுபவர்.

1923-ல் மங்களூரில் பிறந்தவர், 1951-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பெண் டாக்டர் என்றாலே பிரசவம் பார்ப்பவர் என்று ஊர் நினைத்த காலம் அது. சாரதாவோ மனநல மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்தார். இன்று நிம்ஹான்ஸ் என்று அழைக்கப்படும் பெங்களூரு நிறுவனத்தில் பயிற்சி பெற்று, 1959-ல் சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் சேர்ந்தார். 1961-ல் அதன் தலைமைப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் ஆனார். 1978-ல் ஓய்வு பெறும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

மனச்சிதைவு நோய்க்கு நல்ல மாத்திரைகள் 1950களில்தான் வந்திருந்தன. நோய் அடங்கும். ஆனால், அதற்குப் பிறகு? வீட்டில் சேர்க்க வேண்டும், வேலை வேண்டும், நாலு பேர் மதிக்க வேண்டும். இதைத்தான் சாரதா விடாமல் கேட்டார். புறநோயாளிகள் பிரிவை வளர்த்தார். நோயாளிகள் கைத்தொழில் பழக ஏற்பாடு செய்தார்.

ஓய்வுக்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை. 1984-ல் 'ஸ்கார்ஃப்' என்ற தொண்டு நிறுவனத்தைச் சென்னையில் தொடங்கினார். சிகிச்சை, தொழிற்பயிற்சி, குடும்பத்தாருக்கு ஆலோசனை என மூன்றும் அங்கே ஒன்றாகக் கிடைத்தன. 1992-ல் பத்மபூஷண் விருது வந்தது. 2021 டிசம்பரில், 98 வயதில் மறைந்தார்.

அவர் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்துவிடவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தப்பி ஓட வழியின்றி இறந்தார்கள்.

வீட்டில் ஒருவர் நாள்கணக்கில் தூங்காமல் இருக்கிறாரா? தனக்குத் தானே பேசுகிறாரா? காரணமில்லாமல் எல்லோரையும் சந்தேகப்படுகிறாரா? அடிக்காதீர்கள், அடைத்து வைக்காதீர்கள். சீக்கிரம் சிகிச்சை தொடங்கினால் பலன் அதிகம். மாவட்ட அரசு மருத்துவமனையில் கேளுங்கள். 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

சாமியிடம் வேண்டிக்கொள்ளுங்கள், தப்பே இல்லை. டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.